அண்ணையின் முகமும் கறுப்புத் துளியும்

என் அண்ணையின் முகம் எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகத்தில் குறை ஒன்றும் இல்லை, அதுதான் எரிச்சல். அகன்ற நெற்றி, எடுப்பான மூக்கு, பத்து யார் தூரத்தில் நின்றாலும் தெரிகிற கண். ஒரே வயிற்றில் பிறந்த எனக்கு வந்து சேர்ந்தது அப்பாவின் காது மட்டும்தான்.

குருநகரில் அவர் மற்றவர்களைப் போல மீன் பிடிக்கிறவர். ஆனால் நாட்டுக்கூத்து என்று வந்தால் ராசா வேஷம் அவருக்குத்தான். காகித மட்டையில் வெட்டி, சிகரெட் பெட்டித் தங்கத்தாள் ஒட்டிய முடியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் மேடைக்கு வந்தால், கரையில் பிறந்த பிள்ளைகள் மட்டுமல்ல, சண்டிலிப்பாயிலும் உரும்பிராயிலும் தோட்டம் செய்கிறவர்கள்கூட வாயைத் திறந்தபடி இருப்பார்கள். சந்தையில் அவரைக் கண்டால் கத்தரிக்காயில் ஒரு கை கூடப் போடுவார்கள். அவருடைய சொந்தப் பேர் யாருக்கும் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் அவர் ராசா. நான் ராசாவின் தம்பி. முப்பத்திரண்டு வயதிலும், கலியாணம் முடித்த பிறகும், நான் ராசாவின் தம்பிதான்.

அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. நான் இரத்தம் கொடுப்பவன். பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஆறு தரம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் பால் விடாத ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும் தருவார்கள். சீனி கிடைக்காத காலத்தில் பனங்கட்டி ஒரு துண்டு. அதைக் கடித்துக்கொண்டு படிகளில் இறங்கும்போது எனக்கு ஒரு நிமிர்வு வரும். அண்ணைக்கு ஊசி என்றால் பயம். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த நாளில் வரிசையிலேயே மயங்கி விழுந்தவர். ஊர் மறந்துவிட்டது. நான் மறக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, சண்டைக் காலம். என் மனைவிக்கு எட்டு மாதம். எங்கள் முதல் பிள்ளை பிறந்து தங்கவில்லை. அந்தப் பேற்றில் மனைவிக்கு நிறைய இரத்தம் போய்விட்டது. இந்த முறை டொக்டர் அம்மா முன்கூட்டியே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உம்மடை மனிசிக்கு ஓ நெகட்டிவ். லேசில் கிடைக்காது. கரண்ட் இல்லாமல் ரத்தத்தைக் கனநாள் வைச்சிருக்கவும் ஏலாது. ஆளைப் பிடிச்சு வையும். கூப்பிட்ட உடனை வரக்கூடிய ஆள்."

"என்ரை ரத்தம்?"

"நீர் பி பொசிட்டிவ். உமக்கு அது தெரியுந்தானே."

தெரியும். ஆறு தரம் கொடுத்த இரத்தம் என் வீட்டுக்காரிக்கு ஒரு துளியும் உதவாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டேன்.

தெரிந்தவர் எல்லோரிடமும் போனேன். முக்கால்வாசிப் பேருக்குத் தங்கள் இரத்தம் எந்த வகை என்றே தெரியாது. சோதிக்க வாருங்கள் என்றால், "பாப்பம் தம்பி, தோட்டத்துக்குத் தண்ணி மாறிப்போட்டு வாறன்" என்பார்கள். வரமாட்டார்கள். சாப்பாட்டுக்கே வழியில்லாத காலத்தில் இருக்கிற இரத்தத்தையும் கொடுத்துவிட்டு என்ன செய்வது என்று ஒருவர் நேராகவே கேட்டார். அவரிலும் பிழை சொல்ல முடியாது.

இரத்தம் சேர்ப்பதற்கென்று ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அவர்களுடைய நோட்டீஸ்கள் எல்லாம் நான் வேலை செய்த அச்சகத்தில்தான் அடிக்கப்பட்டன. எழுத்துக் கோப்பதும் நான், மெஷின் ஓட்டுவதும் நான். முதல் நோட்டீசில் வெறும் எழுத்து. 'இரத்ததானம் செய்வீர், உயிர் காப்பீர்' என்று பெரிதாகப் போட்டோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்ததில் கட்டிலில் கிடக்கிற மெலிந்த பிள்ளை ஒன்றின் படம். அதைப் பார்த்த சனம் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிளை மிதித்தது. அந்தப் படம் கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுவரவில்லை. எங்கள் வீடுகளிலேயே அப்படிப் பிள்ளைகள் கிடந்த காலம் அது. சுவரிலும் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றாவது நோட்டீசுக்கு அதிபர் ஒரு படத்தோடு வந்தார். காகிதத்தைப் பிரிக்க முதலே எனக்குத் தெரிந்துவிட்டது. தங்கத்தாள் முடி, அகன்ற நெற்றி, அந்தக் கண். கீழே எழுத வேண்டிய வசனமும் கொண்டுவந்திருந்தார்: 'என் மக்களே, ஒரு துளி தாருங்கள்.'

மையை உருட்டுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டேன்.

"ஐயா, ரத்தம் குடுக்கிற ஆளின்ரை படத்தைப் போட்டால் நல்லதெல்லோ? ஆறு தரம் குடுத்த ஆக்களும் இருக்கினம்."

"ஆர் அது?"

நான் மை உருளையைத் துடைத்தேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"நீரோ? நல்ல காரியம் தம்பி. ஆனால் உம்மை ஆருக்குத் தெரியும்? சனம் நோட்டீசை வாசிக்கிறதில்லை, முகத்தைத்தான் பாக்கிறது. தெரிஞ்ச முகம் எண்டால் எப்பன் நேரம் நிண்டு பாக்கும்."

"ராசா ஒருநாளாவது ரத்தம் குடுத்தவரோ எண்டு கேட்டனீங்களோ?"

"அதை ஏன் கேப்பான்? அவர் கூப்பிட்டால் சனம் வரும். எங்களுக்கு அது காணும்."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். ஊசியைக் கண்டால் விழுகிற ஆள் ஊரைக் கூப்பிடுகிறாராம், மட்டை முடி வைத்த ராசாவாம், மண்ணாங்கட்டியாம் என்று. அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கடை கோவத்தைக் கொஞ்சம் விடுங்கோப்பா. அவரின்ரை படத்தைப் போட்டால் என்ன, அவர் வளக்கிற ஆட்டின்ரை படத்தைப் போட்டால் என்ன. எனக்கு ரத்தம் வந்தால் காணும்."

அவள் சொன்னது சரி. அந்த நோட்டீஸ் யாருக்காவது தேவை என்றால் எனக்குத்தான் முதலில் தேவை. ஆனால் மனம் கேட்டால்தானே.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நோட்டீசில் படத்துக்குக் கீழே ஒரு பெரிய இரத்தத் துளி வரவேண்டும், சிவப்பில். சிவப்பு மை முடிந்துபோயிருந்தது. பாதை பூட்டியிருக்கிறது, கிளாலிக் கடல் வழியால் ஒரு டின் வருகிறது, ஒரு கிழமை பொறு என்றார் முதலாளி. நான் பொறுக்கவில்லை. வீட்டுக்காரிக்கு நாள் கிட்டுகிறது என்று சொல்லித் துளியையும் கறுப்பிலேயே அடித்தேன். அது நியாயமான காரணம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அதற்கு முதல் அடித்தது ஒரு கண்ணீர் அஞ்சலி. செத்தவர்களுக்குப் போடுகிற தடித்த கறுப்புக் கட்டம் மெஷினில் பூட்டியபடியே இருந்தது. கழற்ற ஐந்து நிமிடம் போதும். நான் கழற்றவில்லை. அண்ணையின் முகத்தை அந்தக் கட்டத்துக்குள் வைத்துப் பூட்டினேன். முதல் தாளை எடுத்துத் தூக்கிப் பார்த்தபோது என் உச்சி குளிர்ந்தது. இதைப் பார்த்து எவனாவது ஆஸ்பத்திரிக்கு வரட்டும் பார்ப்போம் என்று வாய்விட்டே சொன்னேன். மனைவியின் நினைவு அந்த நேரத்தில் எனக்கு வரவே இல்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தாள் தட்டுப்பாட்டால் கோடு போட்ட கொப்பித் தாளில் சின்னதாகத்தான் அடித்தோம். முகமும் கட்டமும் துளியும் தூரத்திலிருந்து தெரியும். எழுத்துக்குக் கிட்டப் போகவேண்டும். சங்கத்துப் பெடியள் வெள்ளிக்கிழமை பின்னேரம் சைக்கிளில் கொண்டுபோய் ஊர் ஊராக ஒட்டினார்கள். குருநகரில் ஒட்டவில்லை. ராசாவைத் தெரிந்த ஊருக்கு ஏன் தாளை வீணாக்குவான் என்று அதிபர் சொல்லிவிட்டார். அவருக்கு அச்சடித்த கட்டைக் கட்டியபடியே கொடுத்தேன். பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் பக்கத்தில் யாராவது செத்தால் சுவரில் படம் ஒட்டுவார்கள். கட்டம், படம், கண்ணீர்த் துளி, கீழே நாளும் நேரமும். கலைஞர் என்றால் வேஷப் படத்தைத்தான் போடுவார்கள். என் நோட்டீசில் எல்லாமே அச்சொட்டாக இருந்தன. 'சனிக்கிழமை காலை ஒன்பது மணி, பெரியாஸ்பத்திரி' என்று அடியில் கிடந்ததைப் பார்த்தவர்கள், 'ஒரு துளி' என்றது கண்ணீரைத்தான் என்றும், ராசா பெரியாஸ்பத்திரியில் செத்தார், ஒன்பது மணிக்கு வீட்டில் பிரேதம் எடுக்கப் போகிறார்கள் என்றும் நினைத்தார்கள்.

சனி விடிந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அண்ணையின் வீடு எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலை, சைக்கிள் கரியரில் பூ. உரும்பிராயிலிருந்து வந்த ஒரு பெண் படலையைத் திறக்க முதலே, "ராசாவே, எங்களை விட்டிட்டுப் போயிட்டியோ" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அண்ணை அந்த நேரம் கடலுக்குப் போயிருந்தார். அதை நான் யோசிக்கவே இல்லை. அண்ணி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். முற்றம் நிறைய வெள்ளை உடுப்பு. கடலுக்குப் போன மனிதனின் வீட்டு வாசலில் விடியற்காலையில் ஆட்கள் வெள்ளையோடு வந்து நின்றால் கரையில் வாழ்கிற பெண்ணுக்கு வேறு என்ன விளங்கும்? அவள் வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டாள். நான் ஓடிப்போய், "அண்ணி, ஒண்டும் இல்லை, நோட்டீஸ், நோட்டீஸ்" என்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள், காது கேட்டதாகத் தெரியவில்லை. நான் செய்தது என்ன என்று அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அதே நேரத்தில் அண்ணை ஒழுங்கையால் சைக்கிளில் வருகிறார். ஹாண்டிலில் ஒரு கோர்வை மீன் ஆடுகிறது. தன் வீட்டு வாசலில் சனத்தைக் கண்டு, இறங்கி, பின்னால் நின்ற ஒருவரின் தோளைத் தொட்டார்.

"ஆர் தம்பி செத்தது?"

அந்த ஆள் அச்சுவேலியிலிருந்து மலர்வளையம் கொண்டுவந்தவர். வாழை நாரில் கட்டிய செவ்வரத்தைப் பூ, கைகளில் புகையிலைக் கறை. அவர் திரும்பிப் பார்த்தார். மலர்வளையம் கையிலிருந்து விழுந்தது.

அண்ணை முதலில் போய் அண்ணியைத் தூக்கி நிறுத்தினார். அவள் அவர் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. பிறகு யாரோ நீட்டிய நோட்டீசை வாங்கினார். முகத்தைப் பார்த்தார், துளியைப் பார்த்தார், கட்டத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

இப்போது கத்தப் போகிறார், ஊர் முன்னால் என் மானம் போகப் போகிறது என்று நின்றேன். அவர் வாசற்படியில் ஏறினார். கூத்துக் குரலை எடுத்தார்.

"என்னை எடுக்க எண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள். நான் சாகேல்லை. அதுக்கு மன்னிக்கோணும். இந்த நோட்டீஸ் ரத்தம் கேட்டு அடிச்சது. என்ரை தம்பியின்ரை மனிசிக்கும் ரத்தம் வேணும். வந்த காலோடை ஆஸ்பத்திரிக்கு வாருங்கோ. நான் முன்னாலை போறன்."

போனார்கள். ஒருவர் மிச்சமில்லாமல் போனார்கள். வெள்ளை உடுத்தி, கரியரில் பூவை வைத்தபடி, இரண்டு இரண்டு சைக்கிளாக ஆஸ்பத்திரி வீதியால். அழுத பெண் ஒருவரின் சைக்கிள் பாரில் ஏறி இருந்துகொண்டு இப்போது சிரித்துக்கொண்டு வந்தாள். நான் கடைசியில் மிதித்தேன். பயம் இன்னும் அடங்கவில்லை, அதற்குள் பழைய பொறாமை தொடங்கிவிட்டது. உயிரோடிருக்கிற மனிதனுக்கு இப்படி ஓர் ஊர்வலமா? நான் ஆறு தரம் இதே வீதியால் தனியப் போனேன், நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரைக் கொல்லத்தான் அந்தக் கட்டத்தைப் போட்டேன் என்று சொன்னாலும் பொய்யில்லை. அதிலும் அவருக்குத்தான் பேர்.

இரத்த வங்கியில் அண்ணை முதல் ஆளாகக் கட்டிலில் ஏறினார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் பக்கத்தில் நின்றேன், அவர் விழுவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் நின்றேன்.

"டேய், கையைப் பிடியடா" என்றார் மெதுவாக.

பிடித்தேன். ஊசி ஏறியது. அவர் என் விரல்களை நெரித்தார். முடிந்து எழும்பும்போது கண் செருகிச் சாய்ந்தார். மயக்கம். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். இப்போது எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பார்த்தார்கள்தான். "பாவம், பயந்த மனிசன். பயந்தும் குடுத்திருக்கிறார் பார்" என்றாள் உரும்பிராய்ப் பெண். அதற்குப் பிறகு வரிசையில் நின்றவர்கள் சட்டைக் கையை மடிக்கப் போட்டி போட்டார்கள்.

அண்ணையின் இரத்தம் என்ன வகை என்று கேட்டேன். பி பொசிட்டிவ். என்னுடையதேதான். அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான்.

அச்சுவேலிக்காரரின் விரலில் குத்திப் பார்த்தபோது ஓ நெகட்டிவ் வந்தது. வங்கியில் வேலை செய்தவர் அவரைக் கட்டிலில் ஏறவிடவில்லை.

"ஐயா, உங்கடை ரத்தம் இப்ப வேண்டாம். ஒரு பிள்ளைப்பெறுவுக்கு வைச்சிருங்கோ. ஆள் அனுப்பினால் வருவியளோ?"

அச்சுவேலிக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்களோ ராசான்ரை தம்பி?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல.

"அப்ப வருவன்."

பன்னிரண்டாம் நாள் விடிய முதலே மனைவிக்கு வலி கண்டது. அச்சுவேலிக்கு ஆள் அனுப்பினேன். டொக்டர் அம்மா பயந்தது நடந்தது. பிள்ளை பிறந்த கையோடு இரத்தம் நிற்காமல் பெருகியது. நான் விறாந்தையில் சுவரோடு ஒட்டி நின்றேன். அந்தக் கட்டத்தைப் பார்த்து அவர் வராமல் இருந்திருந்தால் என்று ஒருமுறை நினைத்தேன். கறுப்புக் கட்டம் போடாமல் இருந்திருந்தால் அவர் வந்திருப்பாரா என்றும் நினைத்தேன். இரண்டையும் அதற்கு மேல் யோசிக்கத் துணிவு வரவில்லை. பத்து மணியளவில் அச்சுவேலிக்காரர் வியர்த்து ஒழுக சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தார். கையை நீட்டினார். கொடுத்து முடிந்ததும் அவருக்குப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன்.

"இனி எப்ப கூத்து?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஆபத்து நீங்கிவிட்டது என்றார்கள். பெண் பிள்ளை. மனைவி வெளிறிப்போய்க் கிடந்தாள், ஆனால் கண் திறந்திருந்தது. என் ஆறு தரமும் எங்கெங்கோ யார் யாரிடமோ ஓடிக்கொண்டிருக்க, இவளுக்குள் ஓடுவது அண்ணையின் முகத்தைப் பார்த்து வந்த இரத்தம். அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷத்துக்குள் நின்றுகொண்டு அதையும் நினைத்தேன். என் குணம் அப்படி.

அண்ணை பின்னேரம் வந்தார். விறாந்தையில் என்னைத் தனியே இழுத்துக் கேட்டார்.

"கறுப்புக் கட்டம் நீ வேணுமெண்டு விட்டதோ?"

மெஷினில் இருந்தது, கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அண்ணி படியில் இருந்த இருப்பு கண்ணுக்குள் வந்தது.

"ஓம்" என்றேன்.

அவர் வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்.

"எனக்குச் செத்தவீடு வைச்சது நீ. உன்ரை பிள்ளைக்குப் பேர் நான் வைக்கிறன். சரியோ?"

சரி என்றேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது? நானும் மனைவியும் யோசித்து வைத்திருந்த பேரை அப்படியே விழுங்கினேன். அவர் என் காதில் ஒரு பேரைச் சொன்னார். நல்ல பேர். அதைவிட நல்ல பேர் எனக்கு வராது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

இரண்டு பேரும் உள்ளே போனோம். நான் பிள்ளையைத் தூக்கி, மனைவிக்குக் கேட்க அந்தப் பேரைச் சொன்னேன். அவள் அதை இரண்டு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"நாங்கள் யோசிச்சதைவிட வடிவாயிருக்கு. ஆர் தெரிஞ்செடுத்தது?"

அண்ணை கட்டிலின் கால்மாட்டில் நிற்கிறார். வாய் திறந்தால் உண்மை வரும் என்றுதான் திறந்தேன்.

"நான்" என்றேன்.

சொன்ன பிறகு தலையை நிமிர்த்த முடியவில்லை. பிள்ளையின் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணை ஒரு இருமல் இருமினார்.

"ஓம், இவன்தான் தெரிஞ்செடுத்தவன். நான் வந்த நேரத்திலையிருந்து எனக்கும் சொல்லமாட்டன் எண்டு ஒளிச்சு வைச்சிருந்தவன்" என்றார்.

மனைவி என் கையைப் பிடித்துச் சிரித்தாள். அந்தப் பொய்யைக்கூட அவர் என்னைவிட நன்றாகச் சொன்னார்.